ஹெவியா ஒர்க்அவுட் பண்ணா கார்டிசால் (டென்ஷன் ஹார்மோன்) ஏறி தொப்பை கூடுமா?

கொய்யாமரம்:
வயசு 34, வெயிட் 86 கிலோ, ஹைட் 156, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை) இருக்கு. மூணு மாசமா டெய்லி 40 நிமிஷம் நடக்கிறேன், இப்ப ஜிம்ல சேந்ததும் ஹிட் (HIIT, கொஞ்ச நேரம் ரொம்ப வேகமா கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்தி பண்றது) பண்ண சொல்றாங்க, ஆனா ஃப்ரெண்ட் ஒருத்தி குண்டா இருக்கவங்க அப்படி பண்ணா கார்டிசால் ஏறி தொப்பை இன்னும் போடும்ங்கிறா, ரீல்ஸ்லயும் அதேதான் வருது. பயமா இருக்குங்க, நடக்கிறதோட நிறுத்திக்கவா?

பிசியோ_கோவை:
பயப்படாதீங்க சிஸ்டர். கார்டிசால் ஏறும்ங்கிறது உண்மைதான். 2008ல ஒரு ஆராய்ச்சில நம்ம முழு கெபாசிட்டில 40, 60, 80 சதவீதம்னு மூணு விதமா அரைமணி நேரம் பண்ண வச்சு பாத்தாங்க, 60லயும் 80லயும் ஏறுச்சு, 40ல ஏறல. ஆனா அது ஏற்கனவே எக்சர்சைஸ் பண்ற ஆம்பளைங்கள வச்சு பண்ணது, அந்த நம்பர அப்படியே உங்களுக்கு வச்சு பாக்க முடியாது. அதோட அப்ப ஏறுற கார்டிசால் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும், நாள் பூரா அதிகமாவே இருக்கிற குஷிங்ஸ் மாதிரி நோய்லதான் அது தொப்பை போடும், ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க.

உங்களுக்கு முக்கியம் இன்சுலின், பிசிஓஎஸ்ல நெறைய பேருக்கு அது சரியா வேலை செய்யாது. ஒர்க்அவுட் பண்றப்ப தசை இன்சுலின் தயவே இல்லாம சுகர உள்ள இழுத்துக்கும், அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாளைக்கு இன்சுலினும் நல்லா வேலை செய்யும், அதான் ரெண்டு நாளுக்கு மேல கேப் விடாதீங்கன்னு சொல்றது. கொழுப்ப கரைக்க உதவுற வளர்ச்சி ஹார்மோன் கதை வேற, எவ்ளோ கஷ்டப்பட்டு பண்றோமோ அவ்ளோ சுரக்கும், ஆனா வயித்துக் கொழுப்பு அதிகமா இருந்தா மத்தவங்களுக்கு வர்ற அளவு வராது. அதுக்காக மனசு விட்ராதீங்க.

மாடித்தோட்டம்:
எனக்கும் பிசிஓஎஸ்தான் பா. ஒண்ணு சொல்றேன், ஜிம் முடிச்சிட்டு நேரா லேபுக்கு போயிராத. நான் அப்படி போயி ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) அதிகமா வந்து, ஸ்கேன் வரைக்கும் யோசிச்சு ரெண்டு நாள் அழுதேன், அப்புறம் டாக்டர் கேட்டுட்டு ரெஸ்ட் எடுத்து மறுபடி குடுன்னாங்க, நார்மல். ஹெவி எக்சர்சைஸ்ல அதுவும் ஏறுமாம்.

கொய்யாமரம்:
அய்யோ இது யாருமே சொல்லலையே, தேங்க்ஸ்கா. இன்னொண்ணு, நேத்து ஹிட் முடிச்சு வீட்ல சுகர் பாத்தா பண்றதுக்கு முன்ன இருந்தத விட கூட இருக்கு??

பிசியோ_கோவை:
அது அட்ரினலின் வேலை. ரொம்ப வேகமா பண்றப்ப ஈரல் சுகர ரத்தத்துல கொட்டும், தசை அதே வேகத்துல இழுக்க முடியாது. ரெஸ்ட் எடுத்துட்டு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க, பொதுவா இறங்கியிருக்கும். இறங்காம அப்படியே நின்னா டாக்டர்ட்ட காட்டுங்க.

2023ல வந்த பிசிஓஎஸ் கைட்லைன்லயே மிதமா பண்ணா வாரம் 150ல இருந்து 300 நிமிஷம், ஹெவியா பண்ணா 75ல இருந்து 150, அதோட வெயிட் ட்ரெயினிங் ரெண்டு நாள்னுதான் இருக்கு, இதுதான் பெஸ்ட்னு எதையும் சொல்லல. நடக்கிறத விட்ராதீங்க. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஹிட் சேருங்க, குதிக்கிறது வேணாம் முட்டி போயிரும், சைக்கிள்ல ஒரு நிமிஷம் வேகமா ரெண்டு நிமிஷம் மெதுவான்னு ஆரம்பிங்க. வேகமா மிதிக்கிறப்ப ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியலன்னா அந்த வேகம் போதும். நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்துனாலோ உடனே நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

கொய்யாமரம்:
சரிங்க, செவ்வாயும் வெள்ளியும் சைக்கிள், மத்த நாள் நடை. பீரியட்ஸ் டைம்லயும் பண்ணலாமா?

மாடித்தோட்டம்:
நான் பண்றேன் பா, ரொம்ப வலிக்கிற மொத நாள் மட்டும் மெதுவா நடந்துட்டு வந்துருவேன்.