வெருகல் பக்கம் கள ஆய்வுக்குப் போகிறோம், ஊர் விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. குளத்துத் தண்ணீரை ஆராய, மாணவர்களோடு திருகோணமலை மாவட்டத்து வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தங்கப் போகிறோம். பலர் கொழும்பு, கண்டிப் பிள்ளைகள். காடு, வயல் பழக்கமில்லை. அவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வரவேண்டும்.

பெரிய பயம் பாம்புதான். கண்ணாடி விரியனுக்குப் பூட்ஸும் டோர்ச்சும் ஓரளவு காவல். கட்டுவிரியன் அப்படியில்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியாமல் போகும், பிறகு மூச்சே சிரமமாகும். அதனால் எல்லோருக்கும் கட்டிலும் நுளம்பு வலையும் கட்டாயம். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது, கடிபட்டவரை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாயிற்று.

எந்த ஆஸ்பத்திரிக்கு? விஷமுறிவு மருந்தும், அதை ஏற்றினால் வரக்கூடிய ஒவ்வாமையைக் கவனிக்க டாக்டரும் இரவிலும் இருப்பது கிட்டத்தில் எங்கே? மூதூரா, நேரே திருகோணமலைக்கே வருவதா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் உள் வீதிகளுக்கு வருமா? அங்கே வேலை செய்த தாதிமார், டாக்டர்மார் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கிறோம், அது சரி. அப்புறம், யானை வரும் பாதையும் நேரமும், போன் சிக்னல் கிடைக்கும் இடமும் தெரிந்த உள்ளூர் அண்ணன் ஒருவர் கூட வந்தால் நல்லது. நாள் சம்பளம் தருவோம். இன்பொக்ஸில் எழுதுங்கள்.