தேவி வீட்டுக்கு வந்த மீன் கல்

குழு: ராயபுரம் குடும்பம்

தேவி: குமார், பார்சல் வந்தது. கல்லுக்குள் மீன்! ஞாயிறு கிரகப்பிரவேசம், அத்தை இதை உள்ளே வைக்கக் கூடாது என்கிறார்.

சரோஜா அத்தை: செத்த மீன். பால் காய்ச்சுவதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

பாபு: போட்டோ போடு அக்கா

தேவி: 📷

பாபு: கவலை மீன் மாதிரி இருக்கு

குமார்: அது கல்தான் அத்தை. பெயர் நைட்டியா.

பாபு: நைட்டியாவா 😀

குமார்: சிரிக்காதே. சுமார் 5 கோடி வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வயோமிங் பக்கம் பெரிய ஏரி இருந்தது. அதில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த மீன். கவலை, மத்திக்கெல்லாம் சொந்தம், ஆனால் நன்னீரில் வாழ்ந்தது. செத்து அடியில் படிந்ததும் மேலே நைசான சுண்ணாம்புச் சேறு மூடிக்கொண்டது. அதனால்தான் முள் கலையாமல் இருக்கிறது. கெம்மரர் என்ற ஊர்ப் பக்கம் கல்லை ஏடு ஏடாகப் பிளந்து எடுக்கிறார்கள். வில்பர் நைட் என்ற புவியியல் பேராசிரியர் நினைவாக 1907இல் வைத்த பெயர். 1987 முதல் வயோமிங் மாநிலத்தின் அதிகாரபூர்வப் புதைபடிவமே இந்தக் கல்லான மீன்தான்.

லதா அண்ணி: சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்கிறார்

தேவி: 150 சொல்லுங்க அண்ணி

சரோஜா அத்தை: மறுநாள் மீன் சாப்பாட்டுக்கு என்ன வழி? தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை தெரியுமா? வீட்டுப் படகு இருந்திருந்தால் இந்தப் பேச்சே வராது.

பெரியப்பா: சரோஜா, படகுப் பேச்சு இங்கே வேண்டாம்.

பெரியப்பா: தேவி வீட்டில் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வயிற்றோரம் ரம்பப் பல் போல வரிசையாகச் செதில். கவலை கழுவும்போது விரலைக் கீறுமே, அதேதான்.

குமார்: சரியாகப் பிடித்தீர்கள் பெரியப்பா! முதுகிலும் பாருங்கள், தலைக்குப் பின்னால் அதே வரிசை ஓடும். கவலைக்கு அது கிடையாது.

பெரியப்பா: இரு, கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன்.

குமார்: பெரிய மீன் இதை விழுங்கப் போய், வாயில் வைத்தபடியே இரண்டும் கல்லானதும் கிடைத்திருக்கிறது.

பெரியப்பா: சின்ன மீன் பாடு எங்கேயும் அதுதான்.

பாபு: யாழினி பள்ளிக்கூடம் திறந்ததும் எடுத்துப்போய்க் காட்டணுமாம்

தேவி: யாழினி சரி, உன் பையன் கையில் கிடைத்தால் இரண்டாக்கிவிடுவான்

குமார்: அத்தை, நைனா போனதிலிருந்து வலையில் கவலை துள்ளுவதை நான் பார்க்கவே இல்லை. கடையில் இதைப் பார்த்ததும் அக்கா வீட்டுக்குத்தான் என்று வாங்கினேன்.

சரோஜா அத்தை: சரிடா. ஹோமம் முடியட்டும். அதுவரை அண்ணனிடம் இருக்கட்டும்.

தேவி: அப்புறம் ஹாலில் வைக்கலாமா அத்தை?

சரோஜா அத்தை: ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: ஐயருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்

லதா அண்ணி: வாழை மரம் யார் கொண்டுவருவது? பாபு?

பாபு: மூர்த்தி மாமா வண்டி கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்லை