600 பக்கக் கையேடு: வேர்டா, லேடெக்கா, ஃபிரேம்மேக்கரா?

குழுவினருக்கு வணக்கம். மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலைக்குப் பராமரிப்புக் கையேடு எழுதும் வேலை என் தலையில். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வேண்டும். பாய்லர், டர்பைன், அரவை உருளை என்று தனித்தனி அத்தியாயங்கள்; படமும் அட்டவணையும் ஏராளம்.

இப்போதைக்கு வேர்டில் ஓட்டுகிறோம். நடுவில் ஒரு படத்தைச் செருகினால் அதற்கடுத்த படங்களின் எண் மாறிவிடும், ஆனால் "படம் 4.12 பார்க்க" என்ற வரிகள் முழுவதையும் தேர்ந்து எஃப்9 தட்டும்வரை பழைய எண்ணிலேயே நிற்கும். ஒன்று விடுபட்டால் ஃபிட்டர் தப்பான வால்வைத் திறப்பார்! கோப்பும் திறக்க இழுத்தடிக்கிறது.

லேடெக் (கட்டளைகளோடு உரையை எழுதினால் பக்கங்களை அமைத்துத் தரும் மென்பொருள்) இலவசம். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, கிட் (Git) என்ற மாற்றப் பதிவு மென்பொருளில் போட்டால் யார் எந்த வரியை மாற்றினார் என்பது தெரியும். பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன் விட வேண்டிய இடைவெளியைக்கூட லேடெக்கின் பேபல் என்ற மொழித் தொகுப்பு தானே பார்த்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் திருத்தம் சொல்லும் எஞ்சினியர்கள் கட்டளைகளின் முன் வரும் பின்சாய்கோட்டைப் பார்த்தாலே ஓடுவார்கள்.

ஃபிரேம்மேக்கர் இந்த வேலைக்கென்றே வந்தது, சரி. விண்டோஸ் கட்டாயம், காசும் கட்ட வேண்டும். நிர்வாகம் சம்மதிக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு பெரிய ஆவணத்தை லேடெக்கில் முடித்தவர்கள் இருக்கிறீர்களா? லேடெக் தெரியாதவர்களின் திருத்தங்களை எப்படி வாங்கினீர்கள்? பிடிஎஃப்பில் குறிக்கச் சொன்னீர்களா? லிபரே ஆபிஸில் இந்த அளவுக்கு ஓட்டியவர்களும் சொல்லுங்கள். அடுத்த அரவைப் பருவத்துக்குள் கையேடு ஆலையில் இருக்க வேண்டும்.