நிரல் ஆவணங்களில் ஸ்பேஸ் சுத்தம் செய்தபோது கண்டவை

காரைக்குடி, செக்காலை ரோடு

சிஸ்டம், நெட்வொர்க் நிரல் ஆவணங்களில் ஸ்பேஸ் சுத்தம் செய்வதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. வரிக்கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸ், டேபும் ஸ்பேஸும் கலந்த உள்தள்ளல், இரண்டு மூன்றாக நிற்கும் வெற்று வரி, இவை கண்ணுக்கே தெரியாதே, என்ன கெட்டுவிடப் போகிறது என்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் குழு, நெட்வொர்க் இணைப்புக்கான ஒரு சாக்கெட் நூலகத்தின் மேன் பக்கங்களை, அதாவது லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை, பராமரிக்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், போர்ட்டைப் (நெட்வொர்க் வாசல் எண்) பிடிக்க உதவும் பைண்ட் ஃபங்க்ஷனின் பக்கத்தில் பிழைகள் பகுதியைத் திருத்தி அனுப்பினார். அவருடைய எடிட்டர், கோப்பைச் சேமிக்கும்போதே வரிக்கடைசி ஸ்பேஸையெல்லாம் வெட்டிவிடும். ரிவ்யூவுக்கு வந்த டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல், முழுக்கச் சிவப்பும் பச்சையும்தான். பார்த்தவர் ஸ்பேஸ் சுத்தம்தானே என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் நடுவில் இருந்த சொல் மாற்றம் தப்பு. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை, உரிய அதிகாரம் இல்லாத புரோகிராம் கேட்டால் லினக்ஸ் வழக்கமாகத் தருவது 'அனுமதி மறுப்பு' பிழை. வேறொரு புரோகிராம் அந்தப் போர்ட்டை ஏற்கெனவே பிடித்திருந்தால்தான் 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று வரும். இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. அந்தப் பக்கத்தை நம்பிய ஒருவர், 80-ஆம் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பொழுதெல்லாம் தேடினார். யாருமே பிடித்திருக்கவில்லை. அவருடைய புரோகிராமுக்கு ரூட் (நிர்வாகி) உரிமை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் குழுவில் ஸ்பேஸ் சுத்தம் தனி கமிட் (ஒரே பதிவாகச் சேமிக்கும் மாற்றத் தொகுப்பு), சொல் மாற்றம் தனி கமிட். போகிற போக்கில் இதையும் செய்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டில் டபிள்யூ தெரிவைப் போட்டால் ஸ்பேஸ் மாற்றங்களை மறைத்துக் காட்டும், சரி. ஆனால் அதைப் போட வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டுமே.

இன்னொன்று. மேன் பக்கத்தின் மூலக்கோப்பு ராஃப் என்ற பக்க வடிவமைப்பு மொழியில் இருக்கும். அதில் ஸ்பேஸுக்கு வேலை உண்டு. ஒரு வரி ஸ்பேஸில் தொடங்கினால் ஓடிக்கொண்டிருந்த பத்தி அங்கேயே முறிந்து, உள்தள்ளிப் புது வரி வரும். முற்றுப்புள்ளியோடு வரி முடிந்தாலோ, புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ் இருந்தாலோதான் அது வாக்கிய முடிவு என்று, ராஃபைப் படித்துப் பக்கமாக்கும் குரோஃப் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். இரட்டை ஸ்பேஸை ஒற்றையாக்கினால் அந்த அடையாளம் போய்விடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குங்கள் என்று யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகன் 1974-லேயே சொல்லிவிட்டார். லினக்ஸ் மேன் பக்கத் திட்டமும் அதையே கேட்கிறது. அப்படி எழுதினால் ஒரு வாக்கியத்தைத் திருத்தும்போது டிஃப்பில் அந்த இடம் மட்டுமே தெரியும்.

ரொம்ப ஆபத்தானது பேக்ஸ்லாஷ். ராஃபில் பேக்ஸ்லாஷும் அதையடுத்து ஒரு ஸ்பேஸும் சேர்ந்தால் அது முறியாத ஸ்பேஸ், அந்த இடத்தில் வரி உடையாது. அது வரிக்கடைசியில் வரும்போது, சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் ஸ்பேஸை வெட்டிவிட்டால் பேக்ஸ்லாஷ் மட்டும் மிஞ்சும். வரிக்கடைசியில் தனி பேக்ஸ்லாஷ் என்றால், அடுத்த வரியை இதோடு ஒட்டு என்று பொருள். அடுத்த வரி புள்ளியில் தொடங்கும் கட்டளையாக இருந்தால், அது கட்டளையாக ஓடாமல் பக்கத்தில் எழுத்தாகவே வந்து நிற்கும்.

காரைக்குடி, கல்லூரி ரோடு

நான் மாணவர்களுக்கு நெட்வொர்க் லேப் எடுக்கிறேன். எனக்கு இந்தத் தொல்லை ஐபி தலைப்புப் படத்தில், அதாவது நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டின் முன்னால் இருக்கும் விவரப் பகுதியின் படத்தில், வந்தது. 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் அந்தப் படம் கூட்டல் குறி, கழித்தல் குறி, செங்கோடு, எழுத்து, ஸ்பேஸ் இவற்றாலேயே வரைந்தது. ஒரு வரிசைக்கு 32 பிட். ஒரு பிட்டுக்கு இரண்டு எழுத்து இடம், கடைசியில் ஒரு கூட்டல் குறி, ஆக 65 இடம். வெர்ஷன் 4 பிட், தலைப்பு நீளம் 4, சேவை வகை 8, மொத்த நீளம் 16.

லேப் மானுவலை யாரோ அழகுபடுத்தியபோது, அடுத்தடுத்து இருந்த ஸ்பேஸையெல்லாம் ஒன்றாக்கிவிட்டார்கள். கூட்டல், கழித்தல் கோடு அப்படியே இருக்கிறது, அதில் ஸ்பேஸ் இல்லையே. அதன் கீழே இருக்கும் பெயர் வரி மட்டும் இடப்பக்கம் சுருங்கிவிட்டது. 16-ஆம் பிட்டில் தொடங்க வேண்டிய மொத்த நீளம் 15-லேயே தொடங்கி, பாதி அகலம்கூட இல்லாமல் முடிந்தது. படத்தைப் பார்த்து எண்ணிய சில பிள்ளைகள் அதை ஒரே பைட் என்று வைத்து நிரல் எழுதினார்கள். 255-க்கு மேல் எந்த எண்ணும் வராமல் விழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், படத்தை நம்பித்தானே எழுதினார்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஒன்று விலகினால் பூ வடிவம் ஒன்றுசேராது இல்லையா, அப்படித்தான் இதுவும் என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினேன்.

இப்படிப்பட்ட படங்களில் டேபும் இருக்கக் கூடாது. எட்டு இடம் என்று ஒரு எடிட்டரும் நான்கு என்று இன்னொன்றும் காட்டும். ஸ்பேஸ் மட்டுமே போடுங்கள், அந்தப் பகுதியை எந்த ஸ்கிரிப்டும் தொடாதபடி விலக்கி வையுங்கள்.

புதுவயல்

அரிசி ஆலைகளுக்கு எடைமேடைக் கணக்கை சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் செய்துகொடுக்கிறேன். ஒரு ஆவணத்தில் இருந்த எச்டிடிபி (வலை சர்வரோடு பேசும் முறை) கோரிக்கை மாதிரியை அப்படியே பார்த்து எழுதினால் சர்வர் 400, அதாவது தவறான கோரிக்கை, என்று திருப்பி அனுப்பியது. ஆவணத்தில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பெயர், கோலன், மதிப்பு என்று வரும் தலைப்பு வரிகளில் எல்லாக் கோலனும் ஒரே நேர்கோட்டில் வரும்படி, பெயருக்கும் கோலனுக்கும் நடுவே ஸ்பேஸ் போட்டிருந்தார்கள். கோலனுக்குப் பின்னால் ஸ்பேஸ் இருக்கலாம். முன்னால் கூடவே கூடாது. அப்படி வந்தால் சர்வர் 400 சொல்லி மறுத்தே ஆக வேண்டும் என்று 2014-இன் ஆர்எஃப்சி 7230 சொல்கிறது, அதற்குப் பிறகு வந்த 9112-உம் சொல்கிறது. நடுவில் நின்று கோரிக்கையைக் கைமாற்றும் பிராக்ஸி ஒரு மாதிரியும் சர்வர் வேறு மாதிரியும் படித்தால் அது பாதுகாப்பு ஓட்டை. சர்வர் செய்தது நியாயம், மாதிரிதான் தப்பு.

தேவகோட்டை

அண்ணே, நான் ஆவணங்களைத் தமிழில் எழுதுகிறேன், அதனால் எனக்கு வேறு வகை ஸ்பேஸோடு மல்லுக்கட்டு. வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டும் கட்டளைகளில் முறியாத ஸ்பேஸ் கலந்து வரும். பார்வைக்குச் சாதாரண ஸ்பேஸ்தான். டெர்மினலில் போட்டால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய ஏ தெரிவோடு ஓட்டினால் மாட்டிக்கொள்ளும்: டேப் ஒரு குறியாகத் தெரியும், வரிக்கடைசியில் டாலர் குறி நிற்கும், முறியாத ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் 'எம்-பிஎம்-' என்று வரும். கட்டளைப் பகுதிகளில் இதை ஒன்று விடாமல் எடுத்தாக வேண்டும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் நீக்கும் ஸ்கிரிப்டைத் தமிழ் உரைநடையில் ஓட்டாதீர்கள். 'கனெக்ஷன்', 'ஃபங்க்ஷன்' என்று எழுதும்போது க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேராமல் இருக்கச் சிலர் நடுவில் அகலமில்லாத பிரிப்பான் ஒன்றை வைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் அதையும் தின்றுவிடும். ஒரு கோப்பில் அது இருக்க, மற்றொன்றில் இல்லாமல் போனால், தேடும்போது பாதி இடங்கள் கிடைக்காது. வைப்பதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்து, எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

கானாடுகாத்தான்

ஸ்பேஸ் கமிட் போட்ட பிறகு, எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பார்த்தால் சுத்தம் செய்தவர் பெயர்தான் வருகிறது. இதற்கு வழி உண்டா அண்ணே?

காரைக்குடி, செக்காலை ரோடு

உண்டு தம்பி. 2019-இல் வந்த கிட் 2.23 முதல், பிளேம் (வரிக்கு வரி யார் எழுதியது என்று காட்டும் கிட் கட்டளை) பார்க்கும்போது சில கமிட்டுகளைத் தாண்டிப் போகச் சொல்லலாம். அந்தக் கமிட் எண்களை ஒரு கோப்பில் எழுதி ரெப்போவிலேயே (திட்டத்தின் கோப்புக் கிடங்கு) வையுங்கள். சுத்தம் தனி கமிட்டாக இருந்தால்தான் இது பலிக்கும். சொல் மாற்றமும் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எல்லா மேன் பக்கங்களையும் உரையாக வெளியே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியீட்டில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. மாறியிருந்தால் அது சுத்தம் இல்லை, திருத்தம். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து ரிவ்யூவுக்கு அனுப்புவோம். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய கோப்புகளைத் தானியங்கித் துடைப்பிலிருந்து விலக்கிவிட்டோம், அதில் வரிக்கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி முறிப்பு. அப்புறம், பிளேமுக்கான அந்தக் கோப்பு எது என்று ஒவ்வொருவரும் தம் கணினியில் கிட்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும், தானாக வராது. குழுவில் சேரும் அன்றைக்கே செய்யச் சொல்லிவிடுங்கள்.