டெக்ஸ்ட் கேம் பெட்டிக்குள் மாத்திரை எதற்கு?

பெரம்பூர்வாசி:
மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்தபோது போனில் பழைய டெக்ஸ்ட் கேம்களை ஓட்டும் ஃப்ராட்ஸ் ஆப் போட்டு 'ஸார்க்' ஆட ஆரம்பித்தேன். படமே கிடையாது. வடக்கே போ, விளக்கை ஏற்று என்று ஆங்கிலத்தில் தட்டத் தட்டக் கதை நகர்கிறது, விளக்கில்லாமல் இருட்டில் சுற்றினால் க்ரூ என்று ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது. மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. அந்தக் காலத்தில் டிஸ்க்கோடு மாத்திரை, கண்ணாடி எல்லாம் வைத்து விற்றார்களாமே, எதற்கு?

தண்டையார்பேட்டை அண்ணன்:
அதற்குப் பெயர் ஃபீலீஸ், தம்பி. 1982-இல், 'ஸார்க்' விற்ற அதே இன்ஃபோகாம் கம்பெனி 'டெட்லைன்' என்ற கொலைக் கேஸ் விளையாட்டை வெளியிட்டபோது கதை முழுக்க டிஸ்க்கில் அடங்கவில்லை. அதனால் வாக்குமூலம், லேப் ரிப்போர்ட், போட்டோ, சின்னப் பையில் மாத்திரை என்று பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். கையில் தடயத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற சுகமே தனி. 1984-இல் வந்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' என்ற விண்வெளிக் காமெடி விளையாட்டின் பெட்டியில், போட்டால் எதுவுமே தெரியாத கறுப்புக் கண்ணாடி, கூடவே ஒரு காலிப் பிளாஸ்டிக் பை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விண்கலப் படை இருக்கிறதாம்!

ராயபுரம் ஆள்:
திருட்டுக் காப்பிக்கும் அதுதான் பூட்டு. 'ஸ்டார்கிராஸ்' விளையாட்டின் ஆரம்பத்திலேயே பெட்டியில் உள்ள வரைபடத்தைப் பார்த்து எண் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ யாரோ காப்பி அடித்த ஃப்ளாப்பி, வரைபடத்துக்கு எங்கே போவது? கிளம்பிய இடத்திலேயே நின்றேன்.

பெரம்பூர்வாசி:
சரி அண்ணே, புரிந்தது. ஆனால் காலிப் பையையா காசு கொடுத்து வாங்கினார்கள்? நம்ம ஏரியாவில் விற்றால் அடிதான் விழும்.