சோதனையில் தேறிய ஓவர்கிளாக், சும்மா இருந்தபோது விழுந்தது

ஓவர்கிளாக் (சிப்பை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்த என் கணினியில், ஒரு மாதம் என்னை அலைக்கழித்த பிரச்சினை இது. தீர்ந்து ஐந்து வாரம் ஆகிவிட்டதால், இனி நம்பி எழுதலாம் என்று எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி. ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், பெரிய ஏர் கூலர், 32 ஜிபி ரேம். இந்தச் சிப்பில் எல்லா கோரையும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) ஒரே வேகத்தில் நிறுத்தி வைப்பதைவிட, கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் வோல்டேஜைக் குறைப்பதுதான் லாபம். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் சிப் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட், மைனஸ் 30 வரை இறக்கலாம். நான் எட்டு கோருக்கும் ஒரேயடியாக மைனஸ் 25 போட்டேன்.

பிராசஸரைப் பிழிந்து சோதிக்கும் பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓடவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம், ஒரு பிழை இல்லை. வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மதிப்பெண் ஏறியிருந்தது, சூடு 8 டிகிரி இறங்கியிருந்தது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள், பின்னணியில் பாட்டு, கையில் ஒரு பிடிஎஃப். திரை சட்டென்று கறுத்தது, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. நீலத்திரைகூட வரவில்லை. மறுநாள் நான்கு மணி நேரம் விளையாடினேன், ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால், மறுபடி லாகின் திரை!

பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு நண்பனுடையதை மாட்டினேன். ரேமை எக்ஸ்எம்பி (ரேமின் உயர்வேக அமைப்பு) இல்லாமல் ஓட்டினேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எதுவும் உதவவில்லை. கடைசியில்தான் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். முதல் வேலையாக அதைத்தான் செய்திருக்க வேண்டும். வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர், ஈவென்ட் 18, பிராசஸர் கோரில் பிழை. கீழே ஏ.பி.ஐ.சி. ஐடி என்று, பிழை வந்த த்ரெட்டைக் காட்டும் ஓர் எண். பெரும்பாலும் அது 6 அல்லது 7, எப்போதாவது 10. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் (வேலை ஓட்டம்) என்பதால், இரண்டால் வகுத்து மீதியை விட்டால் கோர் எண் கிடைக்கும். ஆக, 3-ஆம் கோரும் 5-ஆம் கோரும். விண்டோஸ் முதலில் வேலை கொடுப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் அந்த இரண்டு நல்ல கோர்களேதான்.

அப்புறம்தான் புரிந்தது. பிரைம்95 எட்டு கோரையும் ஒன்றாகப் பிழியும்போது, மின்சார வரம்பு காரணமாக எல்லாம் 4.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கின்றன. அந்த வேகத்துக்கு மைனஸ் 25 போதும். கணினி சும்மா இருக்கும்போது ஏதோ ஒரு சின்ன வேலை வருகிறது, ஒரே ஒரு கோர் மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் 4.8-ஐத் தாண்டிப் பாய்கிறது. அங்கே வோல்டேஜ் போதவில்லை. என் பன்னிரண்டு மணி நேரச் சோதனை அந்த இடத்தைத் தொட்டதே இல்லை.

கோர்சைக்ளர் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. பிரைம்95-ஐயே ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓட்டும். ஏவிஎக்ஸ் (சிப்பின் கனமான கணக்குக் கட்டளைகள்) இல்லாத லேசான கணக்கைக் கொடுங்கள், அதில்தான் கோர் உச்ச வேகத்துக்குப் போகும். 3-ஆம் கோர் நாலே நிமிடத்தில் விழுந்தது. அந்த இரண்டையும் மைனஸ் 8-க்கு ஏற்றினேன், மற்றவை மைனஸ் 22-இல் இரண்டு இரவு தாங்கின. நல்ல கோருக்கு அதிகம் குறைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தவறு. அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே வோல்டேஜைக் குறைத்துத்தான் அனுப்புகிறார்கள், மேற்கொண்டு குறைக்க அங்கே இடம் குறைவு.

*

அண்ணா, எனக்கு நேர் எதிராக நடந்தது. சும்மா இருந்தால் மாதக்கணக்கில் ஓடும், விளையாட்டில் மட்டும் சரியாக நாற்பது நிமிடத்தில் வெளியே தள்ளும்.

என்னுடையது இன்டெல், டிடிஆர்4 ரேம் 3600-இல். டைமிங்கை, அதாவது ரேமின் காத்திருப்பு நேரங்களை, இறுக்குவதில் எனக்குப் பைத்தியம். ரேமுக்கு 1.45 வோல்ட் கொடுத்து, ரேமின் சார்ஜை மறுபடி நிரப்பும் ரிஃப்ரெஷ் இடைவெளியான டிரெஃபியை உச்சத்துக்கு, அதாவது 65535-க்குத் தள்ளியிருந்தேன். இந்த வேகத்தில் இயல்பான மதிப்பு 14040. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-இல் நான்கு சுற்றும் தேறியது. அதனால் ரேமின் மீது சந்தேகமே வரவில்லை, கிராபிக்ஸ் டிரைவரை ஐந்து முறை மாற்றினேன்.

ஒருநாள் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு விளையாடினேன். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையில்லை, கேபினெட் குளிர்ச்சியாக இருக்கும். விளையாடும்போது கார்டு கக்கும் சூடான காற்று நேராக ரேம் மீதுதான் போகிறது. 38 டிகிரியில் இருந்த ரேம் 54-க்குப் போனது, அங்கே விழுந்தது. ரேம் செல்லில் இருக்கும் சார்ஜ் சூட்டில் வேகமாகக் கசியும். நானோ, அதை நிரப்பும் இடைவெளியை நாலு மடங்குக்கு மேல் நீட்டி வைத்திருக்கிறேன்.

டிரெஃபியை 30000-க்கு இறக்கி, வோல்டேஜை 1.40 ஆக்கி, ரேமுக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். இப்போது ரேம் சோதனையையும், கிராபிக்ஸ் கார்டைப் பிழியும் ஃபர்மார்க்கையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. இன்னொன்று, தயவுசெய்து ரேமைச் சோதிக்கும் நாட்களில் முக்கியமான கோப்புகளை அந்தக் கணினியில் வைக்காதீர்கள். எனக்கு இரண்டு வருடப் புகைப்படங்களில் சில பாதி சாம்பல் நிறமாகிவிட்டன. ரேமில் பிழையானது அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

*

தம்பிகள் இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் பழைய ஆள். 1998-இல் வந்த செலரான் 300ஏ சிப்பில் பஸ்ஸை (அடிப்படைக் கடிகாரத்தை) 66-இலிருந்து 100 ஆக்கி 450 மெகாஹெர்ட்ஸ் பார்த்ததுதான் என் தொடக்கம். அந்தக் காலத்தில் ஒன்று ஓடும், இல்லையென்றால் ஓடாது.

நான் சொல்ல வந்தது காலத்தைப் பற்றி. இன்டெல் ஐ5-2500கே சிப்பை 1.32 வோல்ட்டில் 4.5 கிகாஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். ஐந்து வருடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு 101 என்ற எண்ணோடு நீலத்திரை. தூசி துடைத்தேன், சிப்புக்கும் கூலருக்கும் இடையிலான பேஸ்ட் மாற்றினேன், சூடு பழையபடி இறங்கியது, நீலத்திரை மட்டும் நிற்கவில்லை. 0.02 வோல்ட் கூட்டியதும் சரியானது. எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை வோல்டேஜைக் கூட்டாமல் வேகத்தை 4.3-க்கு இறக்கினேன், கணினியை மாற்றும் வரை அப்படியே ஓடியது. தேய்ந்தது சிப்பா, மதர்போர்டில் மின்சாரம் கொடுக்கும் பகுதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வயதாகும்.

வோல்டேஜைக் கூட்டுவது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்றால், சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். 1.20-இலிருந்து 1.32 என்பது பத்து சதவீதம்தான். வேகத்தைத் தொடாமலேயே அது 21 சதவீதம் அதிகச் சூடு. கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். விளையாட்டில் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

*

சின்னதாக ஒன்று. ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டில் மெமரி வேகத்தை ஏற்றுபவர்கள், விழவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதிலுள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி பிழையைக் கண்டுபிடித்தால் அதே தரவை மறுபடி அனுப்பும். அதனால் விழாது, வேகம்தான் குறையும். நான் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 1100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி ஒரு வாரம் விளையாடினேன். பிறகு அளந்தால், 700-இல் கிடைத்ததைவிட நொடிக்கு நான்கு ஃபிரேம் குறைவு. ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, சரியத் தொடங்கும் இடத்துக்குக் கீழே நிறுத்துங்கள்.

*

ரேம் பற்றி எழுதிய தம்பிக்கு நன்றி. படித்தவுடன் போய்ப் பார்த்தேன், விளையாடும்போது என் ரேமும் 51 டிகிரி போகிறது. நான் ரேமைத் தனியாகத்தான் சோதித்திருக்கிறேன், கார்டைச் சூடாக்கிக்கொண்டு ஒருமுறைகூட ஓட்டியதில்லை. புகைப்படங்களை வெளி டிஸ்கில் பிரதி எடுத்தாயிற்று. இன்று இரவு இரண்டையும் சேர்த்து ஓடவிடுகிறேன், காலையில் என்ன ஆனது என்று எழுதுகிறேன்.