எக்ஸ்ட்4 டிஸ்க்ல 186 ஜிபி காணோம், ஃபார்மேட் பண்ணாம திரும்ப எடுக்க முடியுமா?

மூணாவது டிரைவ்:
வணக்கம் நண்பர்களே, 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு இருக்கு, முழுசும் ஒரே பார்ட்டிஷன், எக்ஸ்ட்4ங்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம், ஃபோட்டோ வீடியோ பேக்கப்புக்கு மட்டும்தான் வெச்சிருக்கேன். நேத்து ராத்திரி காப்பி ஓடிட்டிருக்கும்போதே இடமில்லைன்னு எரர் அடிச்சு நின்னுடுச்சு. டிஎஃப் (டிஸ்க்ல இருக்கிற இடத்தைக் காட்டுற கமாண்டு) போட்டா அவைலபிள் 0ன்னு காட்டுது, ஆனா சைஸ்ல இருந்து யூஸ்டைக் கழிச்சா 186 ஜிபி பக்கம் மிச்சம் வருது! இதுல இன்னொண்ணு, சூடோ (ரூட், அதாவது அட்மின் அதிகாரத்துல ஓட்டுறது) போட்டு ஒரு ஃபைல் எழுதிப் பாத்தேன், அது எழுதுது. எனக்கு இல்லாத இடம் ரூட்டுக்கு மட்டும் எங்கருந்து வருது? உள்ள இருக்கிறதை எல்லாம் வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு ஃபார்மேட் பண்ற அளவுக்கு என்கிட்ட இன்னொரு பெரிய டிஸ்க் கிடையாது. அப்படியே லேபிளும் மாத்தணும், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு செலவாகுற பதிவு) எண்ணிக்கையும் ஏத்த முடிஞ்சா நல்லது.

பிளாக்கணக்கு:
சூடோ போட்டா எழுதுதுன்னு சொன்னீங்க பாருங்க, பதிலே அதுலதான் இருக்கு. எக்ஸ்ட்4 ஃபார்மேட் பண்ணும்போது நாம ஒண்ணும் சொல்லலைன்னா 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சிடும். டிஸ்க் நிறைஞ்சு போனாலும் சிஸ்டம் லாக் எழுதணும், ரூட் உள்ள வந்து எதையாவது அழிச்சு சரி பண்ணணும், ஃபைல் துண்டு துண்டா சிதறாம இருக்கவும் கொஞ்சம் காலி இடம் வேணும், அதுக்குத்தான். 500 எம்பி டிஸ்க்ல இது 25 எம்பி, யாருக்கும் உறுத்தாது, 4 டிபில அதே 5 சதவீதம் 200 ஜிபி ஆயிடுது (டிஎஃப் 1024 கணக்குல எண்றதால உங்களுக்கு 186ன்னு தெரியுது).

எக்ஸ்ட்4 செட்டிங்கைப் பாக்க, மாத்த ஒரு கமாண்டு இருக்கு, முதல்ல டியூன்2எஃப்எஸ் -எல் /டெவ்/எஸ்டிபி1 போட்டுப் பாருங்க, சின்ன எல். ரிசர்வ்டு பிளாக் கவுண்ட்னு ஒரு வரி வரும், சுமார் 4 கோடியே 88 லட்சம் இருக்கணும், அதை பிளாக் சைஸ் 4096 பைட்டால பெருக்கினா உங்க காணாமப்போன இடம் வந்துடும். அப்புறம்

சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1

அவ்வளவுதான், இது சின்ன எம், ஒதுக்கீடு 5லேருந்து 1 சதவீதமாயிடும். மவுன்ட்ல இருக்கும்போதே பண்ணலாம், ஒரு நொடி கூட ஆகாது, ஏன்னா சூப்பர்பிளாக்ல (ஃபைல் சிஸ்டத்தோட விவரம் இருக்கிற இடம்) ஒரு எண்ணுதான் மாறுது, உங்க டேட்டாவைத் தொடவே தொடாது. எஸ்டிபி1ங்கிறது நான் சும்மா போட்டது, எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டு உங்களோடது எதுன்னு பாத்துட்டு அடிங்க.

ராத்திரிரீபூட்:
மேல சொன்னது சரி, ஆனா தயவுசெஞ்சு இதை சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன்ல செய்யாதீங்க. நான் ஒரு தடவை ஆசைப்பட்டு அதுல -எம் 0 போட்டு வெச்சேன், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு லாக் ஃபைல் ஊதி டிஸ்க் முழுக்க நிரம்பிடுச்சு, எந்த சர்வீசும் எழுத முடியாம ஒவ்வொண்ணா விழுந்துச்சு, கடைசில லைவ் யூஎஸ்பி போட்டுத்தான் உள்ள போக முடிஞ்சுது. டேட்டா டிஸ்க்ல கூட 0 வேணாம், 1 வைங்க.

இன்னொண்ணு, இதே கமாண்டுல -யூ (பெரிய யூ) போட்டு யூயூஐடியையும் (பார்ட்டிஷனோட அடையாள எண்) மாத்தலாம், தேவையில்லாம அதுல கை வைக்காதீங்க. எஃப்ஸ்டேப்ல (பூட்ல எதையெல்லாம் மவுன்ட் பண்ணணும்னு இருக்கிற பட்டியல்) பழைய யூயூஐடி அப்படியே கிடந்தா, நோஃபெயிலும் (டிஸ்க் கிடைக்கலைன்னாலும் பூட் தொடரட்டும்ங்கிற ஆப்ஷன்) போடலைன்னா, அடுத்த பூட்ல எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.

மூணாவது டிரைவ்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி!! -எம் 1 போட்டேன், டிஎஃப்ல உடனே 149 ஜிபி வந்துடுச்சு, நின்னுபோன காப்பியும் முடிஞ்சுது. ஆனா லேபிள்தான் சொதப்புது, பெரிய எல் போட்டு சேமிப்புன்னு தமிழ்ல குடுத்தேன், லேபிள் நீளம் ஜாஸ்தி வெட்டறேன்னு ஒரு வார்னிங் வந்துச்சு, இப்ப சேமிபன்னு காட்டி பக்கத்துல ஒரு கட்டம் நிக்குது. எட்டெழுத்து கூட இல்லையே?

பிளாக்கணக்கு:
லேபிளுக்கு 16 பைட்தான் இடம், எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். யூடிஎஃப்8ங்கிற எழுத்துக் குறியீட்டு முறைல தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. சேமிப்புல ச, ஏகாரக் குறி, ம, இகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறின்னு 8 இருக்கு, 24 பைட். அஞ்சு குறிக்கு 15 பைட் போச்சு, ஆறாவதா வந்த புள்ளி ஒரே ஒரு பைட்டோட அறுந்து நிக்குது, அதுதான் அந்தக் கட்டம். படம்னு வைங்க, 12 பைட்ல முடிஞ்சுடும்.

ஐநோடு மட்டும் இப்ப ஏத்த முடியாது, ஃபார்மேட் அன்னிக்கே 16384 பைட்டுக்கு ஒண்ணுன்னு முடிவாயிடும், டியூன்2எஃப்எஸ்ல அதுக்கு வழியே இல்ல. ஆனா உங்க டிஸ்க்ல அந்தக் கணக்குப்படி 24 கோடிக்கு மேல இருக்கும், டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்க, ஃபோட்டோ வீடியோ வெச்சு அதுல பத்துல ஒரு பங்கு கூட தீர்க்க முடியாது.

மூணாவது டிரைவ்:
பாத்தேன், ஐநோடு யூஸ் 1%தான் காட்டுது. லேபிளும் படம்னு மாத்தியாச்சு, முழுசா வருது.